ஃபிடாலியாவும் மூன்று ஈரச் சாக்ஸும்

பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள் என்பதால்தான் ஃபிடாலியாவுக்கு எங்கள் ஷில்லாங் பாட்டுக்காரர்கள் யாரைக் கண்டும் பயம் வரவில்லை. மேடையில் தலைமுடியை விரித்துப் போட்டு உறுமுகிற ஆள், நோங்ரும் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவதை அவள் பார்த்திருக்கிறாள். லைதும்க்ரா கடைவீதியில், ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் அந்த ஆஸ்பத்திரி. அவளை எல்லோரும் கோங் ஃபிடா என்றுதான் கூப்பிடுவார்கள். கோங் என்றால் அக்கா, பாஹ் என்றால் அண்ணன். அவளைவிட இருபது வயது மூத்த டாக்டருக்கும் அவள் கோங்தான்.

நான் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியர் பாஹ் ஆல்வின் ஒரு வியாழக்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனார். அன்று மத்தியானமே ஒரு கிட்டார்காரரைப் பேட்டி எடுக்க வேண்டும். ஊசி போட்ட வாயில் "வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தார், எச்சில்தான் வந்தது. பக்கத்தில் பஞ்சோடு நின்ற ஃபிடாலியாவின் கையில் நோட்டுப் புத்தகத்தைத் திணித்து, வாசலைக் காட்டி, நீ போ என்று கையை ஆட்டினார்.

அவள் போனாள். எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்பதைத்தான் முதலில் கேட்டாள்.

"சோறு சாப்பிட்டாச்சா, பாஹ்?"

"ஆச்சு, கோங்."

"நேத்து நீங்க வாசிச்ச பாட்டு ஏன் அவ்ளோ நீளம்?"

கிட்டார்காரர் வெகுநேரம் யோசித்தார். அதற்குமுன் அவரைப் பேட்டி எடுத்தவர்கள் எல்லோரும் ஆன்மா, தேடல், வானவில் என்று கேட்டவர்கள். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"எப்படி முடிக்கறதுன்னு தெரியல, கோங்" என்றார்.

ஃபிடாலியா அதை அப்படியே எழுதினாள். நாங்களும் அப்படியே போட்டோம். அந்த இதழ் வெளிவந்த வாரமே சனிக்கிழமைக்குள் தீர்ந்துவிட்டது. பாஹ் ஆல்வின் வாய் வீக்கம் வடிந்ததும் செய்த முதல் காரியம், அவளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, "வாயைத் திறங்க" என்று அதற்குத் தலைப்பு வைத்ததுதான்.

அவளுக்குப் பாட்டில் பெரிய ஈடுபாடு எதுவும் கிடையாது. ரேடியோ வாங்கியதே மழை எப்போது நிற்கும் என்று கேட்கத்தான். ஆனால் ஒருத்தர் சொன்ன வார்த்தையை அவள் மாற்ற மாட்டாள். அழகுபடுத்தவும் மாட்டாள். சோகப் பாட்டுகளுக்கு இசை அமைத்துப் பெயர் வாங்கிய ஒருவரிடம், "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். அவர் கண் கலங்கி, "ஒண்ணுமில்ல கோங், அதான் கஷ்டம். வீட்ல எல்லாரும் சௌக்கியம்" என்றார். இன்னொருவர் தேவாலயப் பாட்டுகள் எழுதுபவர். மெட்டெல்லாம் குளிக்கும்போதுதான் வரும் என்றார். "குழாய்ல தண்ணி வராத அன்னிக்கு?" என்றாள் இவள். "கோங், நான் ஏழு மாசமா ஒரு பாட்டும் எழுதலன்னு உங்ககிட்ட யார் சொன்னது?" என்று அவர் எழுந்து போய்விட்டார். அதுவும் அச்சில் வந்தது. அவர் தெருவுக்கு ஒரு வாரத்தில் தண்ணீரும் வந்தது.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. பிறகுதான் ஈரச் சாக்ஸ் வந்து சேர்ந்தது.

எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில் ஒரு இசைக்குழுவுக்கு அந்தப் பெயர் வைத்தது ஆச்சரியமில்லை. மூன்று பேர். கிட்போக் கிட்டார் வாசித்துப் பாடுவான். ரிஷோட் டிரம். எம்லாங் பேஸ் கிட்டார். எம்லாங் பெண்டாட்டி வீட்டோடு இருப்பவன். எங்களில் பெரும்பாலான ஆண்கள் அப்படித்தான். அந்த வீட்டுப் பின்னறையில்தான் மூவரும் வாசித்துப் பழகுவார்கள். மாமியார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "வாசிக்கறேன்னு இந்த ரெண்டு மூஞ்சியைத் தவிர வேற எந்த மூஞ்சியும் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது."

ஃபிடாலியா அங்கே போய் உட்கார்ந்தாள். மாமியார் சிவப்புத் தேநீரும் அரிசிப் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். சோறு, மழை எல்லாம் விசாரித்து முடித்தபின் ஃபிடாலியா நோட்டைப் பிரித்தாள்.

"உங்கள்ல யாரு தலைவர்?"

"நான்" என்றான் கிட்போக்.

"நான்" என்றான் ரிஷோட்.

"நான்தான். இவங்களுக்கே தெரியும்" என்றான் எம்லாங்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்து வருஷம் சேர்ந்து வாசித்தவர்கள். இந்தக் கேள்வி அவர்களுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. ஃபிடாலியா அதை எழுதிக்கொண்டு, இரண்டு பணியாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பத்திரிகை வெளிவந்த செவ்வாய்க்கிழமை கிட்போக் ஈரச் சாக்ஸிலிருந்து விலகினான். அவன் விலகியது தெரியாமல் ரிஷோட்டும் அன்றே விலகினான். எம்லாங் அடுத்த நாள் விலகினான். பிறகு மூவரும் தனித்தனியாகக் குழு ஆரம்பித்தார்கள். மூன்றுக்கும் பெயர் ஈரச் சாக்ஸ்.

அதன்பிறகுதான் சிக்கல். ஷில்லாங்கில் கல்லை எறிந்தால் கிட்டார்காரன்மேல் விழும். ஆள் பஞ்சமே இல்லை. ஆனால் இவர்களுடைய பாட்டுகள் எங்கே முடியும் என்று வேறு யாருக்கும் பிடிபடவில்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிறுத்துவார்கள், அதுதான் முடிவு. கிட்போக் மாவ்லாயில் ஒரு நல்ல டிரம்காரர் வீட்டுக்கே போய் அவரோடு வாசித்துப் பார்த்தான். அந்த மனுஷன் பாட்டு முடிந்தபின்னும் பதினோரு நிமிஷம் விடாமல் அடித்தார். நிறுத்தச் சொல்லக் கிட்போக்குக்கு நா எழவில்லை. அவர் களைத்துப்போய்த்தான் நிறுத்தினார். பழக வேறு இடம் தேடினாலும் டிரம் செட் எம்லாங்கின் மாமியார் வீட்டில் இருந்தது. அங்கே மூன்றாவது மூஞ்சிக்கு அனுமதி கிடையாது.

கிட்போக் ரிஷோட்டின் வீட்டுக்குப் போனான். இதை ரிஷோட்டே பின்னால் என்னிடம் சொன்னான்.

"பாஹ் ரிஷோட், என் பேண்டுக்கு டிரம் அடிக்க ஆள் வேணும். நீ கூலிக்கு வருவியா?"

"வரலாம். என் பேண்டுக்குக் கிட்டார் வாசிக்க ஆள் வேணும். நீ வருவியா?"

"உன் பேண்டுல பேஸ் யாரு?"

"எம்லாங்கைக் கேட்டிருக்கேன். அவன் பேண்டுக்கு நம்ம ரெண்டு பேரையும் கேட்டிருக்கான்."

திங்கள் கிட்போக்கின் ஈரச் சாக்ஸ், புதன் ரிஷோட்டின் ஈரச் சாக்ஸ், வெள்ளி எம்லாங்கின் ஈரச் சாக்ஸ் என்று ஏற்பாடு ஆனது. அன்றைய தலைவனுக்குக் கை வைத்த நாற்காலி. மற்ற இருவரும் முக்காலியில் உட்கார வேண்டும். ஒண்ணுக்குப் போவதற்கும் அவனைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கூலி, ஆளுக்கொரு தட்டு ஜாதோ என்கிற பன்றிக்கறிச் சோறு. அதைத் தலைவன் வாங்கித் தர வேண்டும்.

இந்த அதிசயத்தைக் கேட்டதும் பாஹ் ஆல்வின் துள்ளிக் குதித்தார். "மூணு பேண்டு, மூணு வாரம்! கோங் ஃபிடா, கிளம்புங்க!"

திங்களன்று அவள் போனபோது கிட்போக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தான்.

"பழைய ஆளுங்களோட இப்ப பேச்சுவார்த்தை உண்டா?" என்று கேட்டாள்.

"யாரு? ரிஷோட்டா? முகம் பார்த்தே ரெண்டு மாசமாச்சு."

அவனுக்கு மூன்றடி பின்னால் ரிஷோட் டிரம் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். ஃபிடாலியா அவனைப் பார்த்தாள். அவன், "நான் கூலிக்கு வந்தவன், கோங். என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றான்.

புதனன்று அதே அறை. நாற்காலியில் ரிஷோட்.

"கிட்போக்கோட குழுவைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"பேர் சொல்லிப் பேச வேணாம்னு பார்க்கறேன். ஆனா அந்த பேண்டுல கிட்டார் சுத்த மோசம், கோங்."

முக்காலியில் இருந்த கிட்போக் தலையை ஆட்டினான். "நானும் கேட்டேன். மோசம்தான். ஆனா டிரம் அதைவிட மோசம்."

ரிஷோட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "கூலி ஆள் நடுவுல பேசக் கூடாது" என்றான்.

வெள்ளிக்கிழமை எம்லாங் ரொம்பப் பெரிய மனது காட்டினான். மற்ற இரண்டு குழுக்களும் இளம் கலைஞர்கள், இன்னும் வளர வேண்டும், தன் ஆசீர்வாதம் அவர்களுக்கு உண்டு என்றான். முக்காலிகளில் இருந்த இருவரும் எழுந்து நின்று நன்றி சொன்னார்கள்.

மூன்றும் வரிசையாக அச்சில் வந்தன. ஊர் மூன்றாகப் பிரிந்தது. தேநீர்க் கடையில், டாக்சியில், பன்றிக்கறிக் கடை வரிசையில் எல்லாம் இதே பேச்சு. புதன்கிழமைக் குழுவின் கட்டுக்கோப்பு திங்கள்கிழமைக் குழுவுக்கு வராது என்று என் சொந்த மச்சான் என்னோடு சண்டை போட்டான். "ரெண்டும் அதே மூணு பேருடா" என்றேன். "ஆளைப் பார்க்காதே, வாசிப்பைப் பாரு" என்றான்.

ஃபிடாலியாவுக்கு மட்டும் இதில் சிரிப்பு வரவில்லை. பிழை திருத்திய தாளை வாங்க ஒருநாள் வந்தவள் என் எதிரில் உட்கார்ந்து ஆறிப்போன தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லைப் பிடுங்கினா ரத்தம் நிக்கற வரைக்கும் பஞ்சை வெச்சு அமுக்கிப் பிடிக்கணும், பாஹ் ஷெம். நான் பிடுங்கிட்டு அப்படியே எழுந்து வந்துட்டேன்."

"கேள்விதானே கேட்டீங்க, கோங்?"

"அதைத்தான் சொல்றேன்."

அக்டோபரில் எங்கள் பேட்டைக் கமிட்டி கால்பந்து மைதானத்தில் இசைப் போட்டி வைத்தது. பதினோரு குழுக்கள் பெயர் கொடுத்தன. அதில் மூன்று ஈரச் சாக்ஸ். ஒரே ஆள் இரண்டு குழுவில் வாசிக்கக் கூடாது என்று விதி. கமிட்டிச் செயலாளர் குழம்பிப்போய் நேராகப் பல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"கோங், மூணு பேரையும் பேட்டி எடுத்தது நீங்கதான். மூணும் வேற வேற குழுதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

வேறு வேறு என்று எழுதினால் பொய். ஒன்றுதான் என்று எழுதினால் மூவரையும் மேடை ஏறவிடாமல் செய்த பாவம். ஏற்கெனவே ஒரு பாவம் கணக்கில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதினாள்:

'மூன்று நாட்கள், மூன்று தலைவர்களோடு பேசினேன். தன்னுடையது மட்டுமே அசல் ஈரச் சாக்ஸ் என்று மூவரும் சொன்னார்கள். மூன்று குழுவிலும் டிரம் வாசிப்பவருக்கு மேல்வரிசையில் இடது முன்பல்லில் ஒரே அளவு உடைசல் இருந்தது.'

செயலாளர் இரண்டு முறை படித்தார். "டிரம் அடிக்கறவங்க எல்லாருக்கும் பல்லு உடையும்போல. குச்சி பட்டிருக்கும், பாவம்" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

போட்டி நாளில் தூறல். ஊரே குடையோடு மைதானத்தில் நின்றது. சீட்டுக் குலுக்கியதில் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது என்று மூன்று சாக்ஸும் அடுத்தடுத்து விழுந்திருந்தன. மூன்று தலைவர்களும் ஆளாளுக்குத் தன்னுடைய பாட்டு என்று நம்பியது ஒரே பாட்டு. அதனால் அதையே மூன்று முறை வாசிப்பது என்று ஆனது.

திங்கள்கிழமைக் குழு கறுப்புக் கோட்டில் வந்து வாசித்துக் கும்பிட்டு இடது பக்கமாக இறங்கியது. மேடைக்குப் பின்னால் ஓடும் சத்தம் கேட்டது. சிவப்புக் கோட்டில் புதன்கிழமைக் குழு வலது பக்கமாக ஏறியது. ரிஷோட் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இதுக்கு முன்னாடி அடிச்சவன் எவன்யா? சீட்டை இப்படித் தாழ்த்தி வெச்சிருக்கான்!"

கூட்டம் முன்னால் அடித்தவனைத் திட்டியது. மூன்றாவது முறை நீலக் கோட்டில் வந்தபோது மூவருக்கும் மூச்சு இரைத்தது. கிட்போக்கின் நீலக் கோட்டுக்கு உள்ளே சிவப்புக் கோட்டு தெரிந்தது. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நடுவர்கள் ஜோவாய் ஊரிலிருந்து வந்தவர்கள். முதல் பரிசு நர்சுகளின் பாடகர்குழுவுக்கு. இரண்டாவது எம்லாங்கின் ஈரச் சாக்ஸ். ரிஷோட்டின் ஈரச் சாக்ஸ் ஆறாவது. கிட்போக்கின் ஈரச் சாக்ஸ் ஒன்பதாவது. தலைமை நடுவர் கனிவான அம்மாள். ஒலிபெருக்கியில் சொன்னார்: "ஒன்பதாவது வந்த குழுவோட டிரம்காரர் மனசு தளரக் கூடாது. ரெண்டாவது வந்த குழுவுல ஒருத்தர் அடிக்கறாரே, அவர்கிட்ட ஆறு மாசம் போய்க் கத்துக்கணும்."

ரிஷோட் அழுதுவிட்டான். "செத்தாலும் அவன்கிட்ட நான் போக மாட்டேன்" என்றான்.

கிட்போக் கோட்டைக் கழற்றி எறிந்தான். "எனக்கு அடிக்கும்போது மட்டும் ஏன்டா கை வரல? எம்லாங் ஜாதோவுல கறி ஜாஸ்தியா?"

"மூணாவது தடவை அடிக்கும்போதுதான் கை சூடாச்சு! நான் என்ன செய்யட்டும்?"

"என் தலைமைதான் காரணம்" என்றான் எம்லாங். அதன்பிறகு மூவரும் சேற்றில் உருண்டார்கள். நர்சுகள்தான் பிரித்துவிட்டார்கள். முதலுதவிப் பெட்டி அவர்களிடம் தயாராக இருந்தது.

அடுத்த வாரப் பேட்டி நர்சுகளோடு என்று முடிவாகியிருந்தது. ஃபிடாலியா அதை எழுதிக் கொடுத்தாள். கடைசியில் தனியாக ஒரு பத்தி சேர்த்திருந்தாள். யாரும் சொல்லாததை அவள் பத்திரிகைக்கு எழுதியது அதுதான் முதல் தடவை:

'ஈரச் சாக்ஸ் மூன்று முறை வாசித்ததையும் முதல் வரிசையில் இருந்து பார்த்தேன். மூன்று முறையும் பாட்டு முடிகிற இடத்தில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கறுப்பிலும் சிவப்பிலும் நீலத்திலும் அதே சிரிப்பு. எனக்குப் பாட்டைப் பற்றித் தெரியாது. வாயைப் பற்றித் தெரியும்.'

பாஹ் ஆல்வின் சிவப்பு மையால் அதை அடித்தார். "இது பேட்டி இல்ல. யார் சொன்னது இது? கோங்குக்குக் காய்ச்சலா?" தாள் என் மேஜைக்கு வந்தது. பிழை திருத்துகிறவனுக்கு அதிகாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அடித்ததைப் பார்க்காமல் விடுகிற உரிமை உண்டு. நான் பார்க்கவில்லை.

பத்திரிகை வந்த அன்று காலையிலேயே மூவரும் சேர்ந்து மாடி ஏறி வந்தார்கள். கிட்போக்குக்கு உதடு வீங்கியிருந்தது. ரிஷோட்டின் காதில் பிளாஸ்திரி. விஷயம் கேள்விப்பட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். நாற்காலியில் ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"என்ன கோங் எழுதியிருக்கீங்க? நாங்க எங்க சிரிச்சோம்?" என்றான் கிட்போக்.

"ஒரு தடவைகூடச் சிரிக்கல!" என்றான் ரிஷோட்.

"சத்தியமா சிரிக்கல. இவன் சொல்றது சரி. இவன் சொல்றதும் சரி" என்றான் எம்லாங்.

"அப்படியா? மூணு பேரும் ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறோம்!"

"எழுதிக் குடுங்க. மறுப்புன்னு போட்டுடறேன்" என்றாள் ஃபிடாலியா. மருந்துச் சீட்டும் பேனாவும் நீட்டினாள்.

மூவரும் ஜன்னல் கட்டையில் குனிந்து எழுதினார்கள். எழுத முக்கால் மணி நேரம் ஆனது. 'சிரிக்கவில்லை' என்பதா, 'சிரித்ததாக நினைவில்லை' என்பதா என்று சண்டை. 'சிரிக்கவே இல்லை' என்று கிட்போக் சொன்னது நன்றாக இருக்கிறது என்று மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கீழே கையெழுத்து என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. மூன்று பெயர் போட்டால் யார் பெயர் முதலில்? கிழவர் மரத்த வாயோடு என்னவோ சொன்னார், யாருக்கும் புரியவில்லை. எம்லாங் பேனாவை வாங்கி, பெரிய எழுத்தில் 'ஈரச் சாக்ஸ்' என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட்டான். மற்ற இருவரும் அதைப் பார்த்தார்கள். எந்த ஈரச் சாக்ஸ் என்று கேட்கவில்லை.

ஃபிடாலியா சீட்டை மேலங்கிப் பைக்குள் வைத்தாள். கிழவரின் வாயில் புதுப் பஞ்சு வைத்து, இரண்டு விரலால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மறுப்பு வெளிவந்த வாரம் அவர்கள் திங்களும் பழகவில்லை, புதனும் பழகவில்லை. சனிக்கிழமை பழகினார்கள். கை வைத்த நாற்காலியை மாமியார் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் பரிசு என்பது ஒரு புதுப் பன்றிக்கறிக் கடையின் திறப்பு விழாவில் வாசிக்கிற வாய்ப்பு. அதற்கு ஃபிடாலியாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மூவரும் சாதாரணச் சட்டையில் வந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்டு போனது. கிட்டாரும் பேஸும் ஊமையாகிவிட்டன. ரிஷோட்டின் டிரம் மட்டும் கேட்டது, மற்ற இருவரும் சத்தம் வராத கம்பிகளையே மீட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்டு வரவேயில்லை. ஆனாலும் மூவரும் சரியாக ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். கடைக்காரருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சன்மானமாக ஒரு முழுப் பன்றித் தலையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அதை யார் வாங்கிக்கொள்வது என்று பேச்சு எழுந்தது. கிட்போக் கையை நீட்டினான், ரிஷோட்டும் நீட்டினான். எம்லாங், "என் மாமியார் வீட்டு அடுப்பு பெருசு" என்று ஆரம்பித்தான். ஃபிடாலியா நடுவில் புகுந்து தலையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். டாக்சியில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். நாங்கள் நான்கு பேரும் பின்னால் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கிக்கொண்டோம். செய்தித்தாள் நனைந்து காது ஒன்று வெளியே வந்திருந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "யாரோடது, கோங்?"

பின்சீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னோடது. வண்டியை எடுங்க, பாஹ்" என்றாள் அவள்.